ஹாரன் மாஸ்டர் இப்போ திட்டறதே இல்ல

வண்டி எப்பலேர்ந்து கிளம்பலைன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது தம்பி? நான் ஒண்ணு சொல்லப் போயி அது வேற ஒண்ணா ஆயிடும். அந்தப் பயம் எனக்கு எப்பவுமே உண்டு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்டா, தெரிஞ்ச பதிலையும் தலைகீழா சொல்லிட்டு உக்காருவேன். அதனாலதான் சீக்கிரமே நின்னுட்டேன்னு வச்சுக்கோங்களேன். இப்ப நீங்க ஸ்பேனரும் கையுமா நிக்கறீங்க. நான் ஏதாவது தப்பாச் சொல்லி, நீங்க தப்பான இடத்தைக் கழட்டி... சரி சரி, சொல்றேன். முதல்ல இந்த டீயைக் குடிங்க. சர்க்கரை போடல. எங்க வீட்ல இப்ப யாருக்குமே போடறதில்ல. உங்களுக்கும் வேணாமா? சுகர் இருக்கா என்ன? இல்லைன்னு டக்குனு சொல்றீங்களே, ரத்தம் குடுத்துப் பாத்தீங்களா? பாக்கல, இல்ல? அப்ப இல்லைன்னு சொல்லாதீங்க. பாக்கலைன்னு சொல்லுங்க.

வண்டி நின்னது இந்த வாரம்தான். அவர் நின்னது அதுக்கு ரொம்ப முன்னாடி. ஐயையோ, இல்ல இல்ல, எங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்காரு! வாயைக் கழுவணும் எனக்கு. பாத்தீங்களா, தப்பாச் சொல்லிடுவேன்னு சொன்னேன் இல்ல? என் கொழுந்தனாரோட நடக்கப் போயிருக்காரு. உங்களுக்கு போன் பண்ணதும் அந்தக் கொழுந்தனார்தான். அண்ணன் வண்டி கிளம்பலையேன்னு நல்ல மனசோடதான் பண்ணாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும். அவங்க பூங்காவைச் சுத்திட்டு வர்றதுக்குள்ள நான் சொல்லி முடிச்சாகணும். அவர் மறுபடி இந்த வண்டியில ஏறி யாரையாவது இடிச்சிடுவாரோ, தானே போய் எதுலயாவது மோதிக்குவாரோன்னு எனக்குச் சோறு இறங்கல. நீங்க கை வேலையைக் கொஞ்சம் நிறுத்தினாலும் பரவாயில்ல.

நீங்க இந்தப் பக்கத்துக்குப் புதுசு, அதான் தெரியல. உள்ள எட்டிப் பாருங்க, ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கும். டிரைவிங் ஸ்கூல் வண்டி. ஸ்கூல்னா பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு போர்டு, இந்த ஒரு வண்டி, எங்க வீட்டுக்காரர், அவ்வளவுதான். அவர் பேரைச் சொன்னா இந்தத் தெருவுலயே யாருக்கும் தெரியாது. ஹாரன் மாஸ்டர்னு கேட்டா வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து விடுவாங்க. வண்டி ஹாரன் கெட்டுப்போனாலும் அவருக்குக் கவலையே இல்ல. ஜன்னலை இறக்கி ஒரு சத்தம் போட்டா ரோடு காலி. உள்ள உக்காந்து ஓட்டறவங்க பாடு அதைவிட மோசம். கிளட்சை மிதிக்கச் சொன்னேன், என் உசுரை மிதிக்கச் சொல்லலம்பாரு. பின்னாடி வர்ற வண்டியைப் பாக்கத்தான் கண்ணாடி, உன் மூஞ்சி எங்கேயும் ஓடிப் போயிடாதும்பாரு. ஒரு வக்கீல் கத்துக்க வந்தாரு. கோர்ட்டுல யாருக்கும் அசராத மனுஷனாம். இவர் பக்கத்துல உக்காந்து, கண்ணைத் தொடச்சுக்கிட்டே வண்டியைத் திருப்புவாரு. ஆனா ஒண்ணு, அத்தனை பேரும் பாஸ். டெஸ்ட் எடுக்கற ஆபீசர் என்ன அதட்டினாலும் அவங்களுக்குத் தாலாட்டு மாதிரி இருக்குமாம்.

வினையே அங்கதான் ஆரம்பிச்சுது. பாஸ் ஆனவங்க வெறுங்கையோட வருவாங்களா? ஆளுக்கொரு ஸ்வீட் டப்பா. வீட்ல நான் சர்க்கரை டப்பாவை ஒளிச்சு வச்சு, தினம் ஒரு இடம் மாத்தி, கடைசியில எனக்கே கிடைக்காமத் தேடிக்கிட்டு இருப்பேன். இவர் வண்டியில உக்காந்து லட்சணமா மென்னுக்கிட்டு இருப்பாரு. கேட்டா, அது சாதா இனிப்பு இல்லடி, லைசென்ஸ் இனிப்பு, அது உடம்புல ஒட்டாதும்பாரு. ஒண்ணு எடுத்து வாயில போடலைன்னா பிள்ளைங்க மனசு கஷ்டப்படுமாம். திட்டும்போது படாத கஷ்டம்! ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல அந்தச் சின்ன அறை இருக்கு பாருங்க, அதைத் தொறந்தா ஜிகினாத்தாளா கொட்டும். வண்டிக் காகிதமெல்லாம் பாகு ஒட்டி ஒரே அட்டையா ஆயிடுச்சு. அதுக்குள்ள குடியிருக்கற எறும்புங்க இவர் பாடத்தைக் கேட்டே இந்நேரம் லைசென்ஸ் வாங்கியிருக்கும்.

சுகர் வந்து வருஷக்கணக்காச்சு. மாத்திரை, ஞாபகம் வந்தா உண்டு. எங்களுக்கும் என்ன தெரியும்? சுகர்னா கால்ல புண்ணு வரும், கண்ணு மங்கும், அவ்வளவுதான்னு நெனச்சோம். நான் தினமும் அவர் காலைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தேன். தலையைப் பாக்கணும்னு யார் சொன்னா?

என்ன சிரிக்கறீங்க? இருங்க, இன்னும் இருக்கு. இந்த வேலை பாக்கறவங்களுக்குக் கால் சும்மா இருக்காது. யார் வண்டியில உக்காந்தாலும் தரையில பிரேக் அடிக்கும். பஸ்ல போனா டிரைவருக்கு முன்னாடி இவர் மிதிப்பாரு, முன்சீட்டு ஆள் திரும்பி முறைப்பாரு. தூக்கத்துலயும் அதேதான். கனவுல எவனாவது சிக்னலைத் தாண்டுவான் போல. பிரேக் எங்க இருக்கும்? என் கெண்டைக்கால்தான் பிரேக். கல்யாணம் ஆன நாளா அந்த இடம் கன்னிப்போயேதான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் குளிக்கும்போது பாக்கறேன், கால் சுத்தமா இருக்கு. ஆஹா, மனுஷனுக்கு வயசாகி நிதானம் வந்துடுச்சுன்னு நான் முட்டாள்தனமா சந்தோஷப்பட்டேன்.

திட்டும் குறைஞ்சுது. வீடே கொண்டாடிச்சு தம்பி. கட்டிக்கொடுத்த பொண்ணு போன் பண்ணி, அம்மா, நான் பேசினதுக்கு அப்பா குறுக்கயே பேசலம்மாங்கறா. கொழுந்தனார் இவரோட ஏணியை வாங்கிட்டுப் போயி ஒடச்சுட்டாரு. சொல்ல பயந்துக்கிட்டு வாசல்லயே குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தாரு. உள்ள போனாரு. இவர் ஏணியைப் பாத்தாரு, சரின்னாரு. அவ்வளவுதான். கொழுந்தனார் வெளிய வந்து, அண்ணி, அண்ணன் ஞானி ஆயிட்டாரு, கும்பிட்டுக்கோங்கன்னு ஒரே ஆட்டம். அதுக்கப்புறம் என்னென்ன வாங்கிட்டுப் போயி ஒடச்சாருன்னு கேக்காதீங்க.

விஷயம் வெளியிலயும் பரவிச்சு. ஹாரன் மாஸ்டர் இப்போ திட்டறதே இல்லையாம்னு, இத்தனை நாள் பயந்துக்கிட்டு இருந்தவங்கள்லாம் வந்து சேர்ந்தாங்க. முதல் தடவையா ஒரு அம்மா டெஸ்ட்ல தோத்தாங்க. தோத்துட்டும் ஸ்வீட்டோட வந்தாங்க. மாஸ்டர் தங்கமானவரு, நான் எங்க ஓட்டினாலும் பேசாம கூட வந்தாருன்னாங்க.

எல்லாரும் சிரிக்கறாங்க, நான் மட்டும் அவரையே கவனிச்சேன். பேப்பர் கையில இருக்கும், பக்கம் திரும்பாது. வெளிய கிளம்பறேன்னு ஒரு செருப்பைப் போடுவாரு, இன்னொண்ணைப் போடாம அப்படியே உக்காந்திருப்பாரு. பாட்டு போட்டா கேக்க மாட்டாரு, நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னும் கேக்க மாட்டாரு. நான் ஒரு சோதனை வச்சேன். குழம்புல உப்பே போடல. சாப்பிட்டாரு. மறுநாள் ரெண்டு மடங்கு போட்டேன். அதையும் சாப்பிட்டாரு. அன்னைக்குன்னு பாத்து கொழுந்தனார் சாப்பாட்டுக்கு வந்தாரு. ஒரு வாய் வச்சதும் துப்பிட்டு, அண்ணி, என்ன, ஏணிக்குப் பழி வாங்கறீங்களான்னு கேட்டாரு. நான் அடுப்படிக்குப் போயி அழுதுட்டேன். உப்புக்காகக் கத்தாத புருஷன் எனக்கு எதுக்குன்னு அழுதேன். நீங்க பாட்டுக்கு சிரிங்க. உங்க சம்சாரத்தைக் கேட்டுப் பாருங்க, புரியும்.

இருங்க, பேட்டரியை ஏன் தூக்கறீங்க? அது நல்லாத்தான் இருக்கு. எனக்கு எப்படித் தெரியும்னா... சொல்ல வர்றேன், வரிசையா வரட்டும், நடுவுல கேட்டா எனக்குக் குழம்பிடும்.

பேங்க் அம்மா ஒருத்தங்க கத்துக்க வந்தாங்க. ரொம்ப மரியாதையானவங்க. ஒரு நாள் மார்க்கெட் தெருவுல வண்டியைத் திருப்பினவங்க ஸ்டியரிங்கை நேராக்க மறந்துட்டாங்க. வண்டி மெதுவா, ஆடி அசைஞ்சு, நடைபாதை மேல ஏறி, முடிவெட்டற கடை போர்டைப் போய்ச் சாச்சிருக்கு. கடைக்காரர் கத்தியோட ஓடி வந்தாரு, பின்னாடியே ஒருத்தர் பாதிக் கன்னத்துல சோப்பு நுரையோட ஓடி வந்தாரு. யாருக்கும் அடி இல்ல. அந்த போர்டு இருந்த இடத்துல ஒரு நிமிஷம் முன்னாடி ஒரு குழந்தை நின்னுதாம். பேங்க் அம்மா எங்க வீட்டுக்கே வந்து சொன்னாங்க. மாஸ்டர் ஒரு வார்த்தை திட்டலைங்க, எவ்வளவு பொறுமைன்னு சொன்னாங்க.

ராத்திரி வரைக்கும் பொறுக்க முடியல, உடனே கேட்டேன். உங்க பக்கத்துலயும் பிரேக் இருக்கே, ஏங்க அழுத்தலன்னேன். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேங்கறாரு. பாத்துக்கிட்டா? ஆமா, போர்டு கிட்ட வர்றது தெரிஞ்சுது, அழுத்தணும்னு தோணலங்கறாரு. கால் வரலையா, மனசு வரலையான்னு கேட்டேன். தெரியலையேன்னாரு. அந்தத் தெரியலையேங்கறதை அவர் சொன்ன விதம் இருக்கே தம்பி... அவர் வாயிலேர்ந்து அந்த வார்த்தையை நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. வழி தப்பிப் போனாக்கூட, நான் சரியாத்தான் போறேன், ரோடு தப்புங்கற மனுஷன்.

மறுநாளே டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனேன். ரத்தம் எடுத்தாங்க, தலையை ஸ்கேன் எடுத்தாங்க, அவரைத் தனியா உக்கார வச்சு ரொம்ப நேரம் பேசினாங்க. அப்புறம் என்னையும் கூப்பிட்டு, ஒரு படத்தை வெளிச்சத்துல மாட்டிச் சொன்னாங்க. அதைத்தான் உங்ககிட்ட சரியாச் சொல்லணுமேன்னு முழிக்கறேன். தலைக்குள்ள முடியைவிட மெல்லிசா ரத்தக் குழாய்ங்க ஓடுதாம். வருஷக்கணக்குல சர்க்கரை ஏறியே கிடந்தா, அதுங்க தடிச்சு, சுருங்கி, விறைச்சுப் போயிடுமாம். பெரிய குழாய் அடைச்சா வாய் கோணும், கை விழும், எல்லாருக்கும் தெரியும். இந்தப் பொடிக் குழாய்ங்க அடைச்சா சத்தமே இருக்காதாம். இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம் காஞ்சு போகுமாம். படத்துல வெள்ளை வெள்ளையாத் தெரிஞ்சுது, ஓதம் ஏறின சுவர் மாதிரி. நான் சும்மா இருக்காம, எங்க வீட்டுத் தொட்டி அடைச்சா கொதிக்கிற தண்ணி ஊத்துவேன், இதுக்கு அந்த மாதிரி ஏதாவது உண்டான்னு கேட்டுட்டேன். டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு மேல சொன்னாங்க.

ஒரு வேலையைச் செய்யணும்ங்கற ஆசை, சட்டுனு முடிவெடுக்கறது, கோபம், சந்தோஷம், எல்லாம் தலைக்குள்ள ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குச் சேதி போயித்தான் நடக்குதாம். அந்த வழி கெட்டுப்போனா ஆள் மந்தமாயிடுவாரு, மனசும் உள்ளுக்குள்ள அமிழ்ந்து போகும்னாங்க. மனச்சோர்வுன்னு சொன்னாங்க. அது சோம்பேறித்தனமும் இல்ல, ஞானமும் இல்லையாம். கொழுந்தனாருக்கு இதை ரெண்டு தடவை சொன்னேன். இன்னொரு கூத்து என்னன்னா, மனசு சோர்ந்தவங்க மாத்திரையை விட்டுடுவாங்க, நடக்க மாட்டாங்க, கண்டதைச் சாப்பிடுவாங்க, சர்க்கரை இன்னும் ஏறும். ஏறினா மனசு இன்னும் இறங்கும். ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டே சுத்துமாம். எது முதல்ல வந்துதுங்கம்மான்னு கேட்டேன். அதை அடிச்சுச் சொல்ல முடியாது, எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்னும் இல்ல, ஆனா ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சாத்தான் நிக்கும்னாங்க. சுகருக்கு மாத்திரை மாத்தினாங்க, பிரஷருக்கு ஒண்ணு, மனசுக்கு ஒண்ணு. தினமும் நடை. வாரா வாரம் ஒருத்தர்கிட்ட போய் மனசு விட்டுப் பேசணும். காஞ்சது திரும்பாட்டியும் மேல காயாமப் பாத்துக்கலாம், மனசு நிச்சயமா தேறும்னாங்க. நான், மனசுக்கெல்லாம் மாத்திரை எதுக்குன்னு பக்கத்து வீட்டம்மா எப்பவோ சொன்னதை நெனச்சுக்கிட்டு, தைரியமா இருங்கன்னு நாங்க சொன்னாப் போதாதாங்கன்னேன். ரத்தக் குழாய்க்கிட்ட தைரியமா இருன்னு சொல்லிப் பாருங்கன்னாங்க.

கடைசியாத்தான் அந்த வார்த்தையைச் சொன்னாங்க. நான் சரின்னு சொல்ற வரைக்கும் இவர் வண்டியில உக்காரக் கூடாது, ஓட்டவும் கூடாது, சொல்லிக்கொடுக்கவும் கூடாதுன்னு. இவர் தலையை ஆட்டினாரு. எல்லாத்துக்கும்தான் ஆட்டறாரே. மறுநாள் காலையில எழுந்து பாத்தா ஆளைக் காணோம். வாசல்ல வண்டியில உக்காந்து ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு இருக்காரு. எங்க போறீங்கன்னேன். எங்கயும் இல்லன்னாரு. அந்த எங்கயும் இல்லைங்கறதை நான் நம்பல. ஓடிப்போய் பக்கத்து சீட்ல ஏறி உக்காந்துக்கிட்டேன், நைட்டியோட. நான் பிரேக் மேல ரெண்டு காலையும் வச்சுக்கிட்டு, ஆண்டவனேன்னு கண்ணை மூடிக்கிட்டேன். வண்டி கிளம்பவே இல்ல. எப்படிக் கிளம்பும், நான்தான் பிரேக்கை அழுத்திக்கிட்டு இருக்கேனே! ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருந்தோம். பால்காரர் பாத்து, என்னம்மா நீங்களும் கத்துக்கறீங்களான்னு கேட்டுட்டுப் போனாரு.

சாவியை ஒளிச்சு வைக்கலாமேன்னு சொல்றீங்க. வச்சேன் தம்பி. என்னைத்தான் சொன்னேனே, நான் ஒளிச்சு வச்சா எனக்கே கிடைக்காது, அவருக்கு உடனே கிடைக்கும். நேராச் சொல்லலாமேன்னும் கேப்பீங்க. சொல்லலாம். சொன்னா என்ன ஆகும்? ஏற்கெனவே, நான் எதுக்கும் உபயோகமில்லன்னு டாக்டரம்மா அனுப்பின அந்தப் பேச வைக்கற ஆள்கிட்ட சொல்லியிருக்காரு. அதை என்கிட்ட சொல்லல, அங்க சொன்னது கதவுக்கு வெளிய இருந்த என் காதுல விழுந்துச்சு. இப்ப நானும் போயி, நீங்க ஓட்டக் கூடாதுங்க, உங்களுக்குத் தலை சரியில்லங்கன்னு நின்னா? வண்டி கெட்டுப்போச்சுன்னா அது வண்டிக்குத்தானே கேவலம், அவருக்கு இல்லையே. கொஞ்ச நாளைக்கு நோயாளியா வண்டி இருந்துட்டுப் போகட்டுமே. அதுக்கு ஒண்ணும் வலிக்காது.

ஆமா. இப்ப புரியுதா?

நீங்க இன்னும் தொறக்காத அந்தக் கறுப்பு ஃபியூஸ் பெட்டி இருக்கு பாருங்க, ஓரத்துல. மூடியை எடுத்தா ஒரு குழி காலியா இருக்கும். புதுசா யார் வந்தாலும் முதல் நாள் பானெட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு, இது பெட்ரோல் பம்ப்போட ஃபியூஸ், இதைப் பிடுங்கிட்டா பெட்ரோல் மேல ஏறாதுன்னு பாடம் நடத்துவாரு. அடுப்படி ஜன்னல் இந்தப் பக்கம்தான். எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டே வெங்காயம் உரிக்கறேன். அவர் குளிக்கப் போனப்ப வந்து பிடுங்கிட்டேன். அவசரத்துல முதல்ல வேற எதையோ பிடுங்கி, திரும்பச் சொருகி... சரி, அதை விடுங்க.

கோபமா உங்களுக்கு? பேட்டரியைத் தூக்க வச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. வந்ததுக்கு உண்டானதை நான் குடுத்துடறேன், அதுல ஒண்ணும் குறை வைக்க மாட்டேன். ஆனா பெரிய வேலை, பொருள் வெளியிலேர்ந்து வரணும், நாளாகும்னு சொல்லிடுங்க. பொய்தான். டாக்டரம்மாகிட்டயே கேட்டுட்டேன். அவங்க, நான் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன்னாங்க. கொஞ்சம் பொறுத்து, அடுத்த தடவை அவரும் கூட இருக்கும்போது உடைச்சுப் பேசிக்கலாம், அதுவரைக்கும் வண்டி ஓடாம இருந்தா நல்லதுதான்னும் அவங்களேதான் சொன்னாங்க.

அதோ, முனையில திரும்பறாங்க. முன்னாடி கை வீசிக்கிட்டு வர்றது கொழுந்தனார். பின்னாடி மெதுவா வர்றாரே, அவர்தான். சீக்கிரம் கையை நீட்டுங்க. இந்தாங்க, இதுதான் அந்தச் சாமான். இத்தனை நாளா முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். காலையில அவர் வண்டியில உக்காந்து, சாவியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, பேசாம இறங்கி வர்றதைப் பாக்க முடியல தம்பி. ரெண்டு நாள் கிட்டப் போயிட்டேன், திரும்ப மாட்டிடலாம்னு. நேத்து மூடியே தொறந்துட்டேன். அதனால இது என்கிட்ட இருக்கக் கூடாது. உங்க கடையில எங்கயாவது போட்டு வைங்க. எங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க. டாக்டரம்மா சரின்னு எழுதிக் குடுத்தா மட்டும் கொண்டு வாங்க. பாக்கெட்டுல போட்டாச்சா? பட்டனை மாட்டுங்க. நான் வந்து கேட்டாக்கூடத் தராதீங்க.